காபனுக்கு நான்கு, சிலிக்கனுக்கும் நான்கு

உயர்தரத்தில் இரசாயனம் படிக்கும் பிள்ளைகளிடம் காபன் ஏன் இத்தனை சேர்வைகளை ஆக்குகிறது என்று கேட்டால், கிளிநொச்சியிலும் சரி மல்லாவியிலும் சரி, ஒரே விடைதான் வரும்: அதன் வலுவளவு நான்கு, ஆதலால் நாற்புறமும் பிணைப்பை ஆக்கிக்கொள்ளும். விடையில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது. ஆவர்த்தன அட்டவணையில் காபனுக்கு நேர் கீழே, அதே 14ஆம் கூட்டத்தில், சிலிக்கன் இருக்கிறது. அதற்கும் வெளியோட்டில் நான்கு இலத்திரன்கள்தாம். அதற்கும் வலுவளவு நான்குதான். போதாததற்கு, புவியோட்டில் ஒட்சிசனுக்கு அடுத்தபடி மிகுந்திருக்கும் மூலகமும் அதுவே. நம் வன்னி மண்ணை ஒரு பிடி அள்ளினால் கையில் வருவதில் பெரும் பங்கு சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தது. நான்கு என்ற எண்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், முறிகண்டிக் காட்டுப் பாலை மரமும் அதன் பழத்தைத் தின்னும் கரடியும் சிலிக்கனால் அல்லவா ஆகியிருக்க வேண்டும்?

வட்டக்கச்சிப் பக்கமிருந்து வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி இதையே ஒரு நாள் நேராகக் கேட்டாள். "சேர், சிலிக்கனுக்கும் நாலுதானே? அப்ப அது ஏன் இப்பிடிச் செய்யேல்லை?" காபன் அணு சிறியது, அதன் பிணைப்புகள் வலியவை என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதும் சரியான விடையே. ஆயினும் அவள் முகத்தில் தெளிவு வரவில்லை, எனக்கும் அது போதவில்லை. சிறியது, வலியது என்பவை ஒரு வேறுபாட்டின் பெயர்கள். அந்த வேறுபாடு உலகத்தில் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது, கையில் தட்டுப்படுகிறது என்பதை அவை சொல்வதில்லை. அந்த இடத்தைத் தேடிப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு எப்படி வந்தது

இந்தப் பகுதி பாடப்புத்தகத்தில் நன்றாகவே இருக்கிறது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். காபனில் ஆறு இலத்திரன்கள். அவற்றில் நான்கு வெளியோட்டில் உள்ளன. ஆனையிறவு உப்பில் இருக்கும் சோடியம் தன் ஓர் இலத்திரனைக் கொடுக்க மூலுக்கு (மூல் என்பது அணுக்களை எண்ணும் இரசாயன அலகு) 496 கிலோயூல் போதும். காபனின் நான்கு இலத்திரன்களையும் பறிக்க வேண்டுமானால் ஏறத்தாழ 14,300 கிலோயூல் வேண்டும். எந்தத் தாக்கமும் அந்த விலையைக் கொடுப்பதில்லை. மாறாக நான்கு இலத்திரன்களை வாங்கி வைத்துக்கொள்வதும் அந்தச் சிறிய அணுவுக்கு இயலாத காரியம். கொடுக்கவும் முடியாமல் வாங்கவும் முடியாமல் நிற்கும் மூலகம் பங்கிட்டுக்கொள்கிறது. வெளியோட்டில் சோடியாக இருக்கும் 2s இலத்திரன்களில் ஒன்றை, சற்று உயர்ந்த சக்தியுள்ள 2p ஓபிற்றலுக்கு (ஓபிற்றல் என்பது இலத்திரன் உலவும் வெளி) உயர்த்த ஏறக்குறைய 400 கிலோயூல் செலவாகிறது. அதனால் கிடைக்கும் இரண்டு மேலதிகப் பிணைப்புகள் அந்தச் செலவைத் தாராளமாக ஈடுசெய்துவிடுகின்றன. ஒரு காபனும் நான்கு ஐதரசனும் சேர்ந்த மெதேனின் நான்கு பிணைப்புகளும் 109.5 பாகைக் கோணத்தில் நான்முகியின் மூலைகளை நோக்கி விரிகின்றன. குளத்துச் சேற்றைக் காலால் கிளறும்போது மேலே வரும் குமிழியில் இருப்பதும் பெரும்பாலும் இதே மெதேன்தான்.

காபனுக்கு வலுவளவு நான்கு என்பதையும், காபன் அணுக்கள் தம்மோடு தாமே சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும் என்பதையும் கெக்குலே, கூப்பர் என்ற இரு இரசாயனவியலாளர்கள் தனித்தனியாக 1858இல் முன்வைத்தார்கள். நான்முகி வடிவத்தை வன்ற் ஹொவ், லெ பெல் என்ற இருவர், அவர்களும் தனித்தனியாகவே, 1874இல் சொன்னார்கள். இலத்திரன் என்ற ஒன்று அப்போது கண்டுபிடிக்கப்பட்டிருக்கவேயில்லை. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் அதன் பிணைப்புகள் எந்தத் திசையை நோக்கும் என்று கண்ட அந்தத் துணிவை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. இலத்திரன் ஓபிற்றல்கள் கலந்து அந்தத் திசைகள் உருவாவதை லைனஸ் போலிங் 1931இல் விளக்கினார்.

எண்ணை விட்டு விகிதத்துக்கு

வலுவளவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிணைப்புச் சக்தி அட்டவணையை எடுத்தேன். காபனுக்கும் காபனுக்கும் இடையிலான ஒற்றைப் பிணைப்பை உடைக்க மூலுக்கு ஏறத்தாழ 348 கிலோயூல் தேவை. காபன் – ஒட்சிசன் ஒற்றைப் பிணைப்புக்கு 358. காபன் – ஐதரசனுக்கு 413. மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இல்லை. அதாவது ஒரு காபன் அணு இன்னொரு காபனைப் பிடித்திருப்பதால் அதற்குப் பெரிய நட்டம் எதுவும் இல்லை. ஒட்சிசன் பக்கத்தில் வந்தாலும் ஒற்றைப் பிணைப்பளவில் அதற்காகத் தன் சங்கிலியை விட்டுவிட வேண்டிய தேவை இல்லை.

சிலிக்கனின் வரிசை முற்றிலும் வேறு. சிலிக்கன் – சிலிக்கன் 226, சிலிக்கன் – ஒட்சிசன் 452. சரியாக இரண்டு மடங்கு. ஒட்சிசன் இருக்கும் உலகில் சிலிக்கன் தன் இனத்தோடு நீண்ட சங்கிலியாக நிற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நைதரசனையும் ஒட்சிசனையும் எடுத்தால், அவை தம்மோடு தாமே ஆக்கும் ஒற்றைப் பிணைப்புகள் இன்னும் நொய்மையானவை: நைதரசனுக்கு ஏறத்தாழ 163, ஒட்சிசனுக்கு 146. அவற்றின் மேலே இருக்கும், பிணைப்பில் சேராத தனிச்சோடி இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நான்கு இலத்திரன்களையும் பிணைப்பில் செலவழித்துவிட்ட காபனிடம் தள்ளுவதற்குத் தனிச்சோடி எதுவும் மீதியில்லை. ஆகவே காபனின் சிறப்பைச் சொல்ல வேண்டுமானால், எத்தனை பிணைப்பு என்பதைவிட, தன்னோடு ஆக்கும் பிணைப்புக்கும் பிறரோடு ஆக்கும் பிணைப்புக்கும் இடையிலுள்ள நெருக்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. காபன் ஒட்சிசனோடு ஒற்றைப் பிணைப்பை மட்டும் ஆக்குவதில்லை. காபனீரொட்சைட்டில் உள்ள இரட்டைப் பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 800 கிலோயூல். அந்த விலையைப் பார்த்தால் காட்டிலுள்ள ஒவ்வொரு பாலையும் வீரையும் முதிரையும் எரிந்து காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறிவிடுவதே சக்திக் கணக்குக்கு உகந்தது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். அதற்குள்ளேயே, மே மாதத்துக் கச்சான் காற்றிலும் வெயிலிலும், அந்த மரங்கள் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. ஏன் எரியவில்லை? இரணைமடுவின் நீர் பள்ளத்துக்குப் போகவே விரும்பும்; குளக்கட்டு இருக்கும்வரை அது போவதில்லை. தாக்கத்தில் அந்தக் கட்டுக்குப் பெயர் ஏவற்சக்தி.

கட்டு உயர்ந்திருப்பதற்கு ஒட்சிசனும் ஒரு காரணம். அதன் மூலக்கூறில் இரண்டு இலத்திரன்கள் சோடியில்லாமல் இருப்பதால், எல்லா இலத்திரன்களும் சோடியாக உள்ள மூலக்கூறுகளோடு அது சாதாரண வெப்பநிலையில் எளிதில் தாக்கம் புரிவதில்லை. ஆனால் ஒட்சிசன் மட்டுமே காரணமாக இருந்தால் சிலேனும் அமைதியாக இருந்திருக்க வேண்டும். மெதேனில் உள்ள காபனுக்குப் பதிலாகச் சிலிக்கனை வைத்தால் கிடைப்பது சிலேன். மெதேனைக் காற்றில் விட்டால் தீப்பொறி படும்வரை அப்படியே இருக்கும். சிலேன் காற்றுப் பட்டவுடன் தானாகவே தீப்பற்றும். அதே ஒட்சிசன், அதே நான்கு ஐதரசன். சிலிக்கன் – ஐதரசன் பிணைப்பு 318 கிலோயூல்தான். அணுவும் பெரிது, எனவே ஐந்தாவதாக ஒன்று வந்து ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. காபனின் சிறிய உடலைச் சுற்றி நான்கு பேர் நின்றுவிட்டால் ஐந்தாமவர் நுழைய வழியில்லை. இதே வேறுபாட்டை அவற்றின் நாற்குளோரைட்டுகளிலும் காணலாம்: சிலிக்கனுடையது ஈரக் காற்றிலேயே புகைந்து சிதையும், காபனுடையது நீரோடு கலக்காமல், சிதையாமல், அடியில் தனிப் படையாகக் கிடக்கும்.

ஆலையின் பின்புறம்

இவ்வளவும் எனக்குத் தாளில் தெரிந்திருந்தது. தாளை விட்டு வெளியே வந்தது காலபோக நெல் ஆலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதத்தில், முரசுமோட்டைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றின் பின்புறத்தில். எங்கள் வீட்டு நெல்லைக் குத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மதிலோரம் உமி மலைபோலக் குவிந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கும்பி பல நாளாகப் புகைந்துகொண்டிருந்தது. தீநாக்கு இல்லை, நீலப் புகை மட்டும். அதை நீண்ட மண்வெட்டியால் புரட்டிக்கொண்டிருந்த வயதான ஐயா ஒருவர், நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு ஒரு கை சாம்பலை அள்ளிக் காட்டினார். "பாத்தீங்களோ மாஸ்ரர், எரிஞ்சாப் பிறகும் உமி உமியாத்தான் கிடக்கும். விறகெண்டால் இப்பிடி நிக்காது, பொடியாப் போயிடும்."

உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். வெண்சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு உமியும் தன் வடிவம் மாறாமல் இருந்தது: நெல்மணியைப் போர்த்தியிருந்த அந்தக் குழிவு, முதுகில் ஓடும் வரம்புகள், நுனியில் கூர்மை, எல்லாம் அப்படியே. எடை மட்டும் இல்லை. மூச்சுப் பட்டால் பறந்துவிடும் போலிருந்தது. பெருவிரலால் ஒன்றை நசுக்கினேன். மரச் சாம்பல் மாவாக வழுக்கும். இது நறநறவென்று அரைபட்டது. மணலின் உராய்வு அது. உமியின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது சிலிக்கனீரொட்சைட்டு. நெற்பயிர் மண்ணீரில் கரைந்திருக்கும் சிலிசிக்கமிலத்தை வேரால் உறிஞ்சி, உமியின் வெளிப்புறத்தில் சிலிக்காவாகப் படிய வைக்கிறது. உமி எரியும்போது அந்தப் படிவு தன் அச்சு குலையாமல் நின்றுவிடுகிறது.

அந்த இடத்தில்தான் மாணவியின் கேள்விக்கு விடை என் உள்ளங்கையிலேயே இருப்பது தெரிந்தது. ஒரே உமியில் காபனும் இருந்தது, சிலிக்கனும் இருந்தது. இரண்டுக்கும் வலுவளவு நான்கு. ஒரே நெருப்பில், ஒரே காற்றில், இரண்டும் ஒரே விகிதத்தில் ஒட்சிசனோடு முடிந்தன: ஓர் அணுவுக்கு இரண்டு ஒட்சிசன். சூத்திரத்தை எழுதினால் எழுத்து மட்டும்தான் மாறும். அவற்றில் ஒன்று என் தலைக்கு மேலால் காற்றில் போய்விட்டது. மற்றது விரலிடையில் நறநறத்தது.

இதற்குக் காரணம் மீண்டும் அதே சிறுமைதான். ஆனால் இப்போது அந்தச் சொல்லுக்கு எடை கூடிவிட்டது. காபனின் 2p ஓபிற்றல்கள் சிறியவை. ஒட்சிசனுக்கு மிக அருகில் வந்து, அதன் 2p ஓபிற்றல்களோடு பக்கவாட்டிலும் நன்றாக மேற்பொருந்த அவற்றால் முடியும். அதனால் காபன் – ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பு, ஒற்றைப் பிணைப்பின் இரு மடங்கைவிடவும் வலியதாகிறது: 358இன் இரு மடங்கு 716, இங்கே கிடைப்பதோ 800. ஆகவே ஒரு காபன் இரண்டு ஒட்சிசன்களோடு இரண்டு இரட்டைப் பிணைப்புகளை ஆக்கி, கணக்கை அங்கேயே முடித்துக்கொள்கிறது. வெளியே நீட்ட எதுவும் மிச்சமில்லாத, நேர்கோடான, தனித்த சிறு மூலக்கூறு. அயல் மூலக்கூறோடு அதற்கு மிக மெல்லிய ஈர்ப்பே உண்டு. −78.5 பாகை செல்சியசிலேயே திண்மத்திலிருந்து நேரே வாயுவாகிவிடும். சிலிக்கனின் 3p ஓபிற்றல்கள் பெரியவை, பரந்தவை. ஒட்சிசனோடு பக்கவாட்டில் அவை சரியாக மேற்பொருந்துவதில்லை. எனவே சிலிக்கனுக்கு இரண்டு இரட்டைப் பிணைப்பைவிட நான்கு ஒற்றைப் பிணைப்பே இலாபம். நான்கு ஒட்சிசன்களைப் பிடிக்கிறது. அந்த ஒட்சிசன் ஒவ்வொன்றும் இன்னொரு சிலிக்கனைப் பிடிக்கிறது. வலை முடிவில்லாமல் விரிகிறது. அதை உருக்கவே ஏறத்தாழ 1,700 பாகை செல்சியசு வேண்டும்.

இதன் விளைவுகளை எண்ணிப் பார்த்தபடியே அரிசியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எரிந்து வாயுவாகும் மூலகமே திரும்பி வர முடியும். ஆலைக் கும்பியிலிருந்து போன காபன் அடுத்த போகத்து நெல்லின் இலைக்குள் நுழையலாம், குளத்து நீரில் கரையலாம், காட்டு வீரையின் வைரத்தில் போய் நூறாண்டு தங்கலாம். சிலிக்கன் கல்லாகிவிட்டால், நீர் அதை அணு அணுவாகக் கரைத்து எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். நம் உடலிலும் உணவு எரிகிறது. அந்தக் கழிவை நெஞ்சு காற்றாக வெளியே தள்ளிவிடுகிறது. அது சிலிக்கனால் ஆன உணவாக இருந்திருந்தால் ஒவ்வொரு சுவாசத்துக்கும் மணலை அல்லவா அகற்ற வேண்டியிருக்கும்! வலுவான சங்கிலியாக நிற்கவும், வேண்டும்போது முற்றாகக் கலைந்து காற்றாகவும் ஒரே மூலகத்தால் முடிகிறது. நான்கு என்ற எண்ணில் இது எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கும்பியின் உட்புறம்

அந்த ஐயா மண்வெட்டியை ஆழமாக விட்டுப் புரட்டியபோது கும்பியின் உள்ளே சாம்பல் வெள்ளையாக இருக்கவில்லை, கன்னங்கரேலென்று இருந்தது. பல் துலக்க நம் வீடுகளில் வைத்திருந்த உமிக்கரி அதுதான். காற்றுப் போதாத இடத்தில், உமியிலுள்ள காபன் சேர்வைகளான செலுலோசும் இலிக்னினும் நீரையும் எரியும் வாயுக்களையும் இழந்து, மிஞ்சிய காபன் அணுக்கள் வளையம் வளையமாக ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. அந்த வளையங்கள் ஒழுங்காக, பரந்த தளமாக அமைந்தால் அதுவே காரீயம் (கிரபைற்று). ஒவ்வொரு காபனும் மூன்று அயலவரோடு 142 பிக்கோமீற்றர் தூரத்தில் பிணைந்திருக்கும். நான்காவது இலத்திரன் எந்த ஒரு பிணைப்புக்கும் உரியதாகாமல் தளம் முழுவதும் உலவும். தளத்துக்கும் தளத்துக்கும் இடையே 335 பிக்கோமீற்றர். அந்த இடைவெளியால்தான் அது வழுக்குகிறது, தாளில் எழுதுகிறது. வைரத்தில் நான்கு இலத்திரன்களும் 154 பிக்கோமீற்றர் பிணைப்புகளில் கட்டுண்டிருப்பதால் மின் கடத்த எதுவும் இல்லை.

காரீயத்தின் இந்த உலவும் இலத்திரன் எங்கள் தலைமுறைக்கு நன்கு பழக்கமானது. பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குள் பற்றரி வருவதே அரிது. தீர்ந்துபோன ரோச் பற்றரி ஒன்று கிடைத்தால் அதன் நாகக் கவசத்தைக் கிழித்து, கரும்பசையைச் சுரண்டி, நடுவிலிருக்கும் கரிக்கோலைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவோம். மின்பகுப்புக்கு அதுவே மின்வாய். இரவில் படித்ததோ ஜாம் போத்தல் விளக்கில். துளி மண்ணெண்ணெயில் எரியும் அந்தச் சுடரின் மஞ்சள் ஒளி, முழுதாக எரியாத காபன் துகள்கள் சூட்டில் ஒளிர்வதால் வருவது; காலையில் மூக்கைத் துடைத்தால் அதே துகள்கள் கறுப்பாக வரும். காபனைப் பற்றி நாங்கள் படித்ததும் காபனின் வெளிச்சத்தில்தான். (உமிக் கும்பி புகையும் இடத்தில், மூடிய கொட்டிலுக்குள் எவரும் படுத்துறங்க வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். காற்றுக் குறைந்த கும்பி காபனோரொட்சைட்டைத் தரும். அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.)

இப்போதெல்லாம் இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது வலுவளவைச் சொல்வதற்கு முன்பே இரண்டு பொருட்களை மேசையில் வைக்கிறேன். ஒன்று, நன்றாக எரிந்து வெளுத்த உமிச் சாம்பல். மற்றது, எரியும் உமியின் புகையைக் குமிழவிட, அதிலுள்ள காபனீரொட்சைட்டால் பால்நிறமாகிய தெளிந்த சுண்ணாம்பு நீர். ஒரே உமியில் இருந்த இரண்டு மூலகங்களும் எங்கெங்கே போயின என்று பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்க வேண்டும். பிணைப்புச் சக்தி அட்டவணையை அதன் பிறகுதான் கொடுக்கிறேன். எண்கள் அப்போது அவர்களுக்கு எதையோ விளக்குகின்றன; முன்பு மனனம் செய்ய மட்டுமே பயன்பட்டன.

அந்த வட்டக்கச்சி மாணவி இதோடு விடவில்லை. காபனும் காபனும் ஒற்றையாக, இரட்டையாக, மும்மையாகப் பிணைகின்றன என்று கரும்பலகையில் 348, 614, 839 என்று எழுதிக்கொண்டிருந்தபோது, "அப்ப சேர், நாலையும் சேத்து ஒரு காபன் இன்னொரு காபனோட மட்டும் பிணைஞ்சால்?" என்று கேட்டாள். இரண்டு காபன் மட்டுமே உள்ள அந்த மூலக்கூறு உண்மையிலேயே இருக்கிறது. எரியும் வாயுச் சுடரின் உள்கூம்பில் பிறந்து, கணத்தில் அழிந்து, பச்சை கலந்த நீல ஒளியை விட்டுச் செல்கிறது. அதிலுள்ளது நான்மைப் பிணைப்பா இல்லையா என்று கோட்பாட்டு இரசாயனவியலாளர்கள் 2012 முதல் கடுமையாக விவாதித்து வருகிறார்கள். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதை அவளிடம் சொன்னேன். அடுத்த வகுப்புக்கு ஒரு சிறு காஸ் அடுப்பும் பழைய சீடி ஒன்றும் கொண்டுபோக வேண்டும். இருட்டறையில் சீடியைச் சாய்த்துப் பிடித்துச் சுடரின் ஒளியைப் பிரித்தால் 516 நானோமீற்றருக்கு அருகில் வரும் பச்சைப் பட்டையை அவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.